தளபதி காத்திருக்கட்டும்! போர்க்களத்து டாக்டர் லாரேயின் கதை

போர்க்களம். ஒரு தளபதி காயம்பட்டு உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கிக் குண்டு அவர் தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. பத்தடி தூரத்தில் ஒரு சாதாரணச் சிப்பாய் கிடக்கிறான். பீரங்கிக் குண்டு பட்டு அவன் கால் சிதைந்துவிட்டது. இரத்தம் பெருகிக்கொண்டே இருக்கிறது. அங்கே இருப்பதோ ஒரே ஒரு டாக்டர். அவர் முதலில் யாரிடம் போகவேண்டும்?

சிப்பாயிடம்தான் என்று இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை அப்படி இல்லை. முதல் கவனிப்பு அதிகாரிகளுக்குத்தான். பதவி பெரிதானால் டாக்டர் ஓடி வருவார். பதவி இல்லாதவன் மண்ணில் கிடந்து, தன் முறை வருவதற்குள் உயிரை விட்டுவிடுவான். அதை யாரும் அநியாயம் என்று நினைக்கவும் இல்லை.

இந்த வழக்கத்தை உடைத்தவர் ஒரு டாக்டர். மனிதனின் பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார் என்று ஒரு புதுச் சட்டத்தைப் போர்க்களத்தில் அவர் நடத்திக் காட்டினார். அதுவும் மாவீரன் நெப்போலியனின் படையிலேயே நடத்திக் காட்டினார். அவர் பெயர் டொமினிக் ஜான் லாரே.

செருப்பு தைத்தவர் மகன்

பிரான்ஸ் நாட்டின் தெற்கு எல்லையில் பிரனீஸ் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் போதேயான் என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். அங்கே 1766-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி லாரே பிறந்தார். தகப்பனார் செருப்பு தைக்கும் தொழிலாளி. ஏழைக் குடும்பம்.

லாரேக்கு 13 வயதானபோது தகப்பனார் இறந்துவிட்டார். பையனின் எதிர்காலம் என்ன ஆவது? துலூஸ் என்ற நகரத்தில் அவருடைய சிற்றப்பா அலெக்சி லாரே இருந்தார். அவர் அங்கே பெயர் பெற்ற ரண சிகிச்சை டாக்டர். பையன் ஊரை விட்டுப் புறப்பட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தான்.

சிற்றப்பா அவனை வளர்த்தார். தன் தொழிலையும் கற்றுக்கொடுத்தார். ஆண்டுக்கணக்கில் அவரிடம் பயிற்சி பெற்ற பிறகு, லாரே தலைநகரமான பாரிசுக்குப் போனார். 1787-ல் கடற்படை டாக்டராகத் தேர்வு பெற்று, அமெரிக்கக் கண்டத்தின் வட பகுதியில் உள்ள நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பலில் சென்றார். ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அலையில் கப்பல் ஆடும்போதெல்லாம் தலைசுற்றலும் வாந்தியும்! பாரிசுக்கே திரும்பி வந்தார். அங்கே தெசோ என்ற புகழ் பெற்ற ரண சிகிச்சை ஆசிரியரிடம் மேலும் படித்தார்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மன்னர் ஆட்சி ஆட்டம் கண்டது. 1792-ல் அக்கம்பக்கத்து நாடுகளோடு யுத்தம் மூண்டது. லாரே படையில் டாக்டராகச் சேர்ந்தார். ரைன் நதிக்கரைப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

ஒரு நாள் கழித்து வந்த உதவி

போர்முனையில் அவர் கண்ட காட்சி நெஞ்சைப் பிளந்தது.

படையில் ஆஸ்பத்திரி வண்டிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை போர் நடக்கும் இடத்துக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பின்னால் நிற்கவேண்டும் என்பது விதி. வண்டிகளோ மலை மாதிரி கனமானவை. போர் முடிந்த பிறகுதான் அவை மெல்ல நகர்ந்து வரும். காயம்பட்டவர்களிடம் வந்து சேர 24 மணி நேரமும் ஆகும், 36 மணி நேரமும் ஆகும். அதற்குள் பாதிப் பேர் பிணமாகியிருப்பார்கள்.

இரத்தம் கொட்டுகிற மனிதனுக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். ஒரு நாள் கழித்து வருகிற டாக்டரால் என்ன பயன்? லாரே யோசித்தார்.

அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் படையில் ஒரு புதுமை இருந்தது. குதிரைகள் பூட்டிய லேசான பீரங்கிகள், போர்க்களத்தில் இங்கும் அங்கும் பறந்து பறந்து சுட்டன. அவற்றைப் பறக்கும் பீரங்கிகள் என்று அழைத்தார்கள். உயிரை எடுக்கும் பீரங்கி பறக்கும்போது, உயிரைக் காக்கும் வண்டி ஏன் பறக்கக்கூடாது? இதுதான் லாரேக்குத் தோன்றிய எண்ணம். படைத்தலைவர் கஸ்டீனிடம் தன் திட்டத்தைச் சொன்னார். அனுமதி கிடைத்தது.

அப்படிப் பிறந்ததுதான் பறக்கும் ஆம்புலன்ஸ்.

பறக்கும் வண்டி

அந்த வண்டி எப்படி இருந்தது? இரண்டு சக்கரம். இரண்டு குதிரை. உள்ளே இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம். நம் ஊர் வில்வண்டியைப் போல அடியில் வில் இருந்ததால் அதிர்ச்சி குறைவு. காற்று வரப் பக்கங்களில் சிறு ஜன்னல்கள். முன்னும் பின்னும் கதவுகள். உள்ளே குதிரை மயிர் திணித்து, தோல் போர்த்திய மெத்தை. அந்த மெத்தைப் பலகை உருளைகளின் மேல் இருந்தது. அதனால் அதை வெளியே இழுத்து, காயம்பட்டவரைப் படுக்க வைத்து, அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். மேடு பள்ளமான இடங்களுக்கு நான்கு சக்கர வண்டிகளும் இருந்தன. அவற்றில் நான்கு பேரை ஏற்றலாம்.

வண்டி மட்டும் போதுமா? ஆட்களும் வேண்டும். 1797-ல் இத்தாலியில் இதற்கென்றே ஒரு தனிப் படையை லாரே அமைத்தார். அதில் 340 பேர். அதை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஒவ்வொரு பிரிவிலும் 12 இலேசான வண்டிகளும் 4 பெரிய வண்டிகளும் இருந்தன. டாக்டர்கள், உதவியாளர்கள், வண்டியோட்டிகள், கட்டுத்துணி சுமப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இந்த வண்டிகள் உள்ளே புகுந்தன.

1798-ல் நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்தபோது லாரேயும் போனார். அங்கே பாலைவனம். மணலில் சக்கரம் புதைந்துவிடும். லாரே சளைக்கவில்லை. ஒட்டகத்தைப் பிடித்தார். அதன் முதுகின் இரு பக்கமும் தொட்டில் போல ஒரு பெட்டியைத் தொங்கவிட்டார். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேரைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். வண்டி போகாத இடத்தில் ஒட்டகம் ஆம்புலன்ஸ் ஆயிற்று!

கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தவர் லாரே. சிரியாவில் சிப்பாய்களின் புண்களில் ஈயின் புழுக்கள் நெளிந்தன. மற்றவர்கள் அருவருத்தார்கள். லாரே கவனித்துப் பார்த்தார். புழுக்கள் அழுகிய சதையை மட்டும் தின்றன. நல்ல சதையைத் தொடவில்லை. புண் சீக்கிரம் ஆறியது. இதை அவர் எழுதி வைத்தார். இக்காலத்திலும் ஆறாத சில புண்களுக்கு, சுத்தமாக வளர்க்கப்பட்ட புழுக்களை டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்.

காயம் சொல்லும் வரிசை

வேகமாக டாக்டர் வந்துவிட்டார். ஆனால் அடிபட்டுக் கிடப்பவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள். யாரை முதலில் எடுப்பது?

இங்கேதான் லாரேயின் பெருமை இருக்கிறது. அவர் வகுத்த விதி மிகவும் எளிமையானது. மிக அபாயமான காயம் உள்ளவர் முதலில். பதவி, பரம்பரை எதையும் பார்க்கக்கூடாது. காயம் குறைவானவர்கள், அபாயத்தில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை முடியும் வரையில் காத்திருக்கவேண்டும். சிறு காயம் உள்ளவர்கள் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம். முக்கியமாக அதிகாரிகள் போகலாம். ஏனென்றால் அவர்களிடம்தான் குதிரை இருக்கிறதே!

இதைத் தம்முடைய போர்க்கள நினைவு நூலிலும் அவர் எழுதினார். அந்த நூல் 1812 முதல் 1817 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது.

எதிரி நாட்டுச் சிப்பாய் என்றாலும் அதே விதிதான். அடிபட்டவன் அடிபட்டவனே. சண்டை அவன் கையை விட்டுப் போய்விட்டது. இனி அவன் நோயாளி. லாரேயின் ஆட்கள் எதிரிகளையும் தூக்கி வந்தார்கள்.

ஒரு காயம் அபாயமானதா, இல்லையா என்று எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் எக்ஸ்ரே இல்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இல்லை. லாரேக்கு இருந்தவை இரண்டு கண்களும் பத்து விரல்களும்தான். நாடியைப் பிடித்தார். மூச்சைப் பார்த்தார். எலும்பு எப்படி நொறுங்கியிருக்கிறது, இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தடவிப் பார்த்தார். ஒரு சில நொடிகளில் முடிவு செய்தார்.

சிதைந்துபோன கையையோ காலையோ காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், உடனே வெட்டி எடுத்துவிடுவார். நாள் கடத்தினால் காய்ச்சல் வரும். அழுகல் ஏறும். ஆள் போய்விடுவான். முதல் 24 மணி நேரத்துக்குள் செய்துவிடவேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. பல டாக்டர்கள் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார்கள். அனுபவம் லாரே பக்கமே பேசியது.

மயக்க மருந்து அப்போது கிடையாது. ஈதர் மயக்க மருந்து ஆப்பரேஷனில் வெற்றிகரமாகக் காட்டப்பட்டது 1846-ல்தான். நோயாளி முழு நினைவோடு இருப்பார். ஆகவே டாக்டரின் கைவேகம்தான் அவருக்குக் கருணை. அந்த வேகத்தில் லாரேயை மிஞ்ச ஆளில்லை.

பனியில் ஓர் இரவு

1807-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஐலாவ் என்ற இடத்தில் ரஷ்யப் படையோடு கோரமான போர். எங்கும் பனி. கத்தியைப் பிடிக்க முடியாமல் உதவியாளர்களின் விரல்கள் விறைத்தன. லாரே இரவு பகலாக நின்று வேலை செய்தார். எதிரியின் குதிரைப்படை ஆஸ்பத்திரியை நெருங்கியது. காயம்பட்டவர்கள் பதறி எழுந்து ஓடப் பார்த்தார்கள். லாரே அசையவில்லை. கையில் இருந்த சிகிச்சையை முடித்தார். பிறகு, அவர்களை விட்டுத் தாம் போகப்போவதில்லை என்று எல்லோரையும் அமைதிப்படுத்தினார். அபாயம் விலகியது.

அங்கேயும் ஒன்றைக் கவனித்தார். கடுங்குளிரில் விறைத்துப்போனவர்களுக்கு, கை கால்களை வெட்டும்போது வலி குறைவாக இருந்தது. உறைந்த காலை நெருப்பருகே கொண்டுபோய்க் காட்டியவர்களுக்கோ அழுகல் ஏறியது. பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார்.

1809-ல் ஆஸ்திரிய நாட்டில் தன்யூப் நதியின் நடுவே லோபாவ் என்ற தீவில் ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்கள் சிக்கிக்கொண்டார்கள். சாப்பாடு இல்லை. லாரே குதிரைகளைக் கொன்று சூப்புக் காய்ச்சச் சொன்னார். பாத்திரம்? குதிரை வீரர்களின் இரும்பு மார்புக் கவசம்! உப்பு? உப்பு இல்லாததால் வெடிமருந்தைக் கொஞ்சம் தூவினார்கள். அந்தக் குதிரைகளில் அதிகாரிகளுடையவையும் இருந்தன. அவர்கள் சக்கரவர்த்தியிடம் புகார் செய்தார்கள். நெப்போலியன் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் லாரேயைப் பாராட்டினார்.

அதே போரில் நெப்போலியனின் உயிர் நண்பரான மார்ஷல் லான் என்பவரின் கால்களைப் பீரங்கிக் குண்டு நொறுக்கியது. லாரே ஒரு காலை வெட்டி எடுத்தார். பக்கத்திலேயே இருந்து கவனித்தார். ஆனாலும் சில நாட்களில் லான் இறந்துவிட்டார். எல்லோரையும் காப்பாற்ற எந்த டாக்டராலும் முடியாது. லாரேக்கும் அந்தத் துயரம் இருந்தது. அதே ஆண்டு லாரேக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. செருப்பு தைத்தவர் மகன், பிரபு லாரே ஆனார்!

தலைகளின் மேலே

1812-ல் நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்தார். லாரே அந்த மாபெரும் படையின் தலைமை ரண சிகிச்சை டாக்டர். செப்டம்பர் 7-ந் தேதி பொரோடினோவில் பயங்கரப் போர். அந்த ஒரு நாளில் 24 மணி நேரத்துக்குள் 200 பேருக்கு லாரே தம் கையாலேயே கை கால்களை அகற்றினார் என்றால், அந்தப் போரின் கொடுமையைப் புரிந்துகொள்ளலாம்.

பிறகு பின்வாங்கல். பனி. பசி. நவம்பர் மாதக் கடைசியில் பெரசினா நதியை அடைந்தார்கள். அவசரமாகக் கட்டிய மரப் பாலங்கள். பின்னால் ரஷ்யர்கள் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். பாலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரை ஒருவர் நெரித்துக்கொண்டு ஏறினார்கள். விழுந்தவர்கள் நதியில் மாண்டார்கள்.

லாரே முன்பே அக்கரை போய்ச் சேர்ந்திருந்தார். ஆனால் ஆப்பரேஷன் கருவிகள் இக்கரையில் தங்கிவிட்டன. அவற்றுக்காகத் திரும்பி வந்தார். கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். நசுங்கிச் சாகவேண்டிய நிலை. அந்தச் சமயத்தில் யாரோ அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். லாரே வருகிறார் என்ற செய்தி வாய்க்கு வாய் பரவியது. தன் உயிரைக் காக்கத் துடித்துக்கொண்டிருந்த அந்தச் சிப்பாய்கள், அவரைத் தூக்கினார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு, தலைகளின் மேலேயே கடத்தி, பாலத்தின் அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள்!

பதவி பார்க்காமல் அவர் காட்டிய அன்புக்குச் சிப்பாய்கள் கொடுத்த வட்டி அது.

காயங்களே சாட்சி

லாரேயின் வாழ்க்கையில் மிகப் பெரிய சோதனை 1813-ல் வந்தது.

ரஷ்யாவில் படை அழிந்துபோனதால், நெப்போலியன் அவசர அவசரமாக இளைஞர்களைப் பிடித்துப் படையில் சேர்த்தார். மீசை முளைக்காத பிள்ளைகள். துப்பாக்கி பிடிக்கவே சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் லுட்சன், பாட்சன் என்ற இடங்களில் போர்கள் நடந்தன. அவற்றில் இந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காயம்பட்டார்கள். அவர்களில் பலருக்குக் காயம் விரலிலும் கையிலும் மட்டுமே இருந்தது.

சக்கரவர்த்திக்குச் சந்தேகம் ஊட்டப்பட்டது. சண்டைக்குப் பயந்து, தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று தளபதிகள் கூறினார்கள். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை மரணம். மற்றவர்களுக்குப் பாடமாகப் பலரைச் சுட்டுக் கொல்ல ஏற்பாடுகள் நடந்தன.

லாரே இதை ஏற்கவில்லை. காயத்தை மட்டும் வைத்து அது தானே சுட்டுக்கொண்டதா, பிறர் சுட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார். நெப்போலியனுக்குக் கோபம் வந்தது. முறையாக விசாரித்து எழுத்து மூலம் அறிக்கை கொடுக்கும்படி உத்தரவிட்டார். சக்கரவர்த்தி என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் லாரேக்கு ஆபத்து இல்லை. எதிர்த்துச் சொன்னால் பதவி போகலாம்.

லாரே வேறு டாக்டர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காயத்தைப் பரிசோதித்தார். பல நாட்கள் இந்த வேலை நடந்தது. உண்மை விளங்கியது.

படை மூன்று வரிசையாக நின்று சுடுவது அந்தக் கால வழக்கம். பயிற்சி இல்லாத பின்வரிசைப் பிள்ளைகள், முன்வரிசைக்காரனின் கைக்கு மிக அருகில் துப்பாக்கியை நீட்டிச் சுட்டுவிட்டார்கள். மேலும், மேட்டின் மேல் நின்ற எதிரியை நோக்கி இவர்கள் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மேலிருந்து வந்த குண்டுகள் முதலில் கையில்தான் பட்டன. குற்றம் பயிற்சியில் இருந்தது, பிள்ளைகளிடம் இல்லை.

லாரே இதை எழுதி, அவர்கள் நிரபராதிகள் என்று சக்கரவர்த்தியின் கையில் கொடுத்தார்.

நெப்போலியன் படித்தார். முகம் மாறியது. ஆனால் அறிவுள்ள மன்னர் அல்லவா? உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கவில்லை. அன்று இரவே வைரங்கள் பதித்த தம்முடைய உருவப் படத்தையும், 6,000 பிராங்கு தங்கக் காசையும், ஆண்டுக்கு 3,000 பிராங்கு உதவித்தொகைக்கான உத்தரவையும் லாரேக்கு அனுப்பினார். அந்த இளைஞர்கள் உயிர் தப்பினார்கள்.

கத்தியைத் தொடாமல், காயங்களை ஒழுங்காகப் படித்ததாலேயே அவர் காப்பாற்றிய உயிர்கள் அவை.

கண்ணைக் கட்டியவர் கண்டுகொண்டார்

1815-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி வாட்டர்லூ போர். நெப்போலியனை எதிர்த்து நின்றவர் வெல்லிங்டன். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்ட அதே ஆங்கிலேயத் தளபதிதான். குண்டு மழைக்கு நடுவே காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த ஒருவரை அவர் தூரத்திலிருந்து பார்த்தார். லாரே என்று தெரிந்ததும், அந்தத் திசையில் சுடவேண்டாம் என்று சொல்லித் தம் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார் என்று சொல்லப்படுகிறது.

போர் தோற்றது. பின்வாங்கும்போது பிரஷ்ய நாட்டுப் படையினர் லாரேயைத் தாக்கினார்கள். தலையிலும் தோளிலும் வாள்வெட்டு. பிடிபட்டார். குள்ள உருவத்தையும் சாம்பல் நிறக் கோட்டையும் கண்டு, நெப்போலியனே பிடிபட்டுவிட்டார் என்று எண்ணினார்கள். இல்லை என்று தெரிந்ததும் ஆத்திரம் வந்தது. சுட்டுக் கொல்ல உத்தரவாயிற்று. கண்ணைக் கட்ட ஒரு பிரஷ்ய டாக்டர் வந்தார். அருகில் வந்து முகத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டார். பெர்லின் நகரத்தில் லாரே பாடம் நடத்தியபோது கேட்ட மாணவர் அவர்! தண்டனை நின்றது.

கைதி தலைமைத் தளபதி புளூக்கரிடம் கொண்டுபோகப்பட்டார். புளூக்கரின் மகன் முன்பு ஒரு போரில் காயம்பட்டு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியபோது, அவனுக்குச் சிகிச்சை செய்து பிழைக்க வைத்தவர் லாரேதான். எதிரியின் மகன் என்று அவர் அன்று பார்க்கவில்லை. அந்த நன்றியை மறக்காத தகப்பன், லாரேக்கு விருந்து வைத்து, பாதுகாப்போடு அனுப்பி வைத்தார்.

கடைசி நாட்கள்

நெப்போலியன் வீழ்ந்ததும் லாரேக்குக் கஷ்ட காலம். புது அரசாங்கம் அவருடைய உதவித்தொகையை நிறுத்திவிட்டது. 1818-ல்தான் அது திரும்பக் கிடைத்தது. நாடு கடத்தப்பட்ட நெப்போலியன் செயிண்ட் ஹெலினா தீவில் 1821-ல் இறந்தார். தாம் கண்ட மனிதர்களிலேயே மிகவும் நேர்மையானவர் லாரே என்று உயிலில் குறிப்பிட்டு, அவருக்கு ஒரு லட்சம் பிராங்கு எழுதி வைத்திருந்தார்.

1830-ல் பாரிசில் மறுபடியும் புரட்சி. தோற்ற அரசாங்கத்தின் காவல் படையினர் காயங்களோடு லாரேயின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். அவர்களைப் பழி வாங்க ஒரு கூட்டம் வந்தது. 64 வயதுக் கிழவர் வாசலில் வந்து நின்றார். தம்முடைய நோயாளிகளை யாரும் தொடக்கூடாது என்று தடுத்தார். கூட்டம் கலைந்தது.

1842-ல் அல்ஜீரியாவில் இருந்த படை ஆஸ்பத்திரிகளைப் பார்வையிடப் போனார். அப்போது வயது 75. மகன் இப்போலித்தும் கூடப் போனார். அவரும் டாக்டர்தான். திரும்பும் வழியில் லாரே நோயுற்றார். ஜூலை 25-ந் தேதி லியோன் நகரத்தில் காலமானார். அவருடைய மனைவி எலிசபெத் ஓர் ஓவியக் கலைஞர். சில நாட்களுக்கு முன்புதான் அவரும் இறந்திருந்தார். கணவர் வீடு வந்து மனைவியின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

லாரே பாரிசில் அடக்கம் செய்யப்பட்டார். 150 ஆண்டுகள் கழித்து, 1992-ல், அவருடைய எலும்புகளை எடுத்து, நெப்போலியன் துயில்கிற இன்வாலித் என்ற மாளிகைக்குக் கொண்டுபோய் மரியாதையுடன் வைத்தார்கள்.

கண்பார்வை கணக்காயிற்று

லாரே காட்டிய வழிக்குப் பிற்காலத்தில் ஒரு பெயர் வந்தது. பிரெஞ்சு மொழியில் தரம் பிரிப்பதைத் திரியாஜ் என்பார்கள். கம்பளியையும் காப்பிக் கொட்டையையும் தரம் பிரிக்க வழங்கிய சொல் அது. 1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தின்போது, காயம்பட்டவர்களைப் பிரிப்பதற்கும் அதுவே பெயராயிற்று.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. லாரேயின் கண் எல்லோருக்கும் வாய்க்குமா? ஒரு டாக்டர் அபாயம் என்பதை மற்றொருவர் பரவாயில்லை என்று சொல்லலாம். அதனால் காயத்துக்கும் மதிப்பெண் போடும் முறைகள் தோன்றின.

1974-ல் பிரிட்டனில் உள்ள கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும், நினைவிழந்தவர்களைச் சோதிக்க ஒரு முறை கண்டார்கள். கண் திறக்கிறாரா? 4 வரை மதிப்பெண். பேசுகிறாரா? 5 வரை. கை கால் அசைக்கிறாரா? 6 வரை. நல்ல நினைவோடு இருப்பவருக்கு மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கு 3. தலையில் அடிபட்டவருக்கு 8-க்குக் கீழோ 8-ஆகவோ வந்தால் பேராபத்து.

அதே ஆண்டு அமெரிக்காவில் சூசன் பேக்கர் என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் இன்னொரு கணக்கைத் தந்தார்கள். உடம்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள பெரிய காயத்துக்கு 1 முதல் 5 வரை எண் போடுவார்கள். அவற்றில் பெரிய எண்கள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள். மூன்று இடங்களில் வெறும் சிராய்ப்பு என்றால் 1, 1, 1. கூட்டினால் 3. ஒரே இடத்தில் 4 என்ற கடுங்காயம் என்றால் நான்கு நான்கு பதினாறு! பல சிராய்ப்புகளை விட ஒரு பெருங்காயம் அபாயம் என்பதை இந்தப் பெருக்கல் காட்டிவிடுகிறது. மிக அதிகமான மதிப்பெண் 75. பிழைக்க வழியில்லாத காயம் எதுவானாலும் அதற்கு 6 என்று எண். அது ஒன்று இருந்தாலே நேராக 75 ஆகிவிடும்.

இந்த இரண்டாவது கணக்கு பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிறகு, ஒரு ஆஸ்பத்திரியின் வேலையை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது. கிளாஸ்கோ முறையோ நோயாளியின் படுக்கை அருகிலேயே பயன்படுகிறது.

எண்ணும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. பெரிய விபத்தில் அடிபட்டவர்கள் ஏராளமாகவும் டாக்டர்கள் மிகக் குறைவாகவும் இருக்கும்போது, எப்படியும் பிழைக்கமாட்டார் என்று தெரிபவரை விட்டுவிட்டு, பிழைக்கக் கூடியவரை முதலில் எடுக்கவேண்டிய கொடுமையும் நேர்கிறது. அந்த முடிவை எந்த அட்டவணையும் இலேசாக்கிவிடாது.

ஆனாலும் அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கண், பேச்சு, கை, கால், மார்பு, வயிறு என்றுதான் கேள்விகள் இருக்கின்றன. என்ன உத்தியோகம், எவ்வளவு சொத்து, யாருடைய சிபாரிசு என்ற கேள்வி எதிலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் விரல் முறிந்த பிள்ளையோடு நீங்கள் காத்திருக்கும்போது, பின்னால் வந்த ஒருவரை டாக்டர்கள் முதலில் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினால், மனம் வருந்தவேண்டாம். உங்கள் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். செருப்பு தைத்தவரின் மகன் குண்டு மழையில் நின்று எழுதி வைத்த சட்டம் அது.